பதிலாளுக்குப் பேச்சு இல்லை

1998 செப்டம்பர் 22, செவ்வாய்.

இன்று என் தவறு ஒன்று தெரிந்தது. கம்பெனி நோட்டீஸில் "பதிலாள் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதிலாள் யாராக இருக்கலாம் என்று பார்த்தேனே ஒழிய, பதிலாளால் என்ன முடியாது என்று பார்க்கவில்லை. பங்குதாரருக்குப் பதிலாகப் பொதுக்கூட்டத்துக்குப் போகும் பதிலாளுக்கு அங்கே பேச உரிமை கிடையாது. நான் பேசுகிறேன் என்று நீரஜா மாமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கூட்டம் நாளை மறுநாள்.

இதற்கு மேல் நாட்குறிப்பில் தாரணிக்கு எழுத வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அன்று மாலை நந்தனம் வகுப்பில் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தாள். பகலெல்லாம் தியாகராய நகரில் அப்பாவின் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுவாள். சாயங்காலம் கம்பெனி செக்ரட்டரி படிப்பு. அன்றைய பாடம் பொதுக்கூட்ட விதிகள். பதிலாளுக்குப் பேச உரிமை இல்லை என்று விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு போய்க் கேட்டாள். அவர் கையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டே, "பேசறது இருக்கட்டும்மா, கை தூக்கி ஓட்டுப் போடக்கூட பிராக்ஸியால முடியாது. வாக்குச்சீட்டு வெச்சாதான் அவங்களுக்கு ஓட்டு" என்றார். அது ஏதோ மழை நிலவரம் போல அவர் வாயிலிருந்து வந்தது.

நீரஜா மாமிக்குப் பதிலாளாகத் தன் பெயரைப் போட்ட படிவத்தை அவளேதான் நிரப்பி, அவளேதான் கம்பெனியின் கிண்டி அலுவலகத்தில் அன்று காலை கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

நீரஜா மாமி வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் குடித்தனத்தில் தனியாக இருந்தார். அவருடைய அண்ணன் ஜெயராம் இறந்தபோது, வெள்ளாறு சிமெண்ட்ஸ் என்ற கம்பெனியின் பங்குகள் அவர் பெயருக்கு வந்தன. பெயர் மாற்றும் காகித வேலைக்காகத்தான் தாரணி முதலில் அந்த வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலாப்பூர் வீடுகளில் பங்குப் பத்திரம், டிவிடெண்ட் என்று எழுதிக் கொடுப்பது அவளுக்குப் பழக்கம்.

அந்த ஆண்டு கம்பெனி அனுப்பிய நோட்டீஸில் ஆறாவது தீர்மானமாக, சொந்தமாக ஒரு நிலக்கரி மின்நிலையம் கட்டக் கடன் வாங்குவதற்கு உறுப்பினர்களின் ஒப்புதலைக் கேட்டிருந்தார்கள். மாமி அதை இரண்டு நாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். முந்தைய டிசம்பரில் ஜப்பானில் உலக நாடுகள் கூடி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசி ஒப்பந்தம் போட்ட செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருந்தவர் அவர். எந்தக் கம்பெனி எதை எரித்தாலும் அதன் சூடு இந்த ஊர் இரவுகளில் வந்து சேர்கிறது என்பது அவர் எண்ணம். தாரணி அப்போது, பிடிக்கவில்லை என்றால் பங்குகளை விற்றுவிடலாமே என்று சொல்லிப் பார்த்தாள்.

"வித்துட்டா என் கை சுத்தமாயிடும். புகை இன்னொருத்தர் பேர்ல போகும், அவ்வளவுதான்" என்றார் மாமி. "வெச்சுண்டிருந்தா ஒரு நாற்காலி இருக்கோல்லியோ. கேக்கலாம்."

ஆனால் கேட்பதற்கு அவரிடம் குரல் இல்லை. போன வருடம் கழுத்தில் வந்த கட்டியை அடையாறு ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்ததால் குரல் போயிற்று. மிஞ்சியது காற்று மட்டும்தான். எதிரில் உட்கார்ந்தால் கேட்கும், அடுத்த அறைக்குப் போனால் கேட்காது. அதனால்தான் தாரணி, நான் உங்கள் பதிலாளாகப் போய்க் கேட்கிறேன் என்று சொன்னாள். அன்று மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

புதன்கிழமை காலை கடைக்குப் போகாமல் நேரே மயிலாப்பூர் லஸ் போகும் பேருந்தில் ஏறினாள் தாரணி. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று அடுக்கிக்கொண்டு போனவள், கதவு திறந்ததும் அடுக்கியதையெல்லாம் விட்டுவிட்டு, தப்பு செய்துவிட்டேன் மாமி என்றாள். கேட்டு முடித்த மாமி சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

"அப்போ நானே வரேன்."

"உங்களால முடியுமா மாமி?"

"முடியாதுன்னா, நாளைக்கு முப்பது வருஷத்துக்குக் கரி எரிக்க எல்லாரும் கை தூக்கிட்டுப் போயிடுவா. வேற யார் கேப்பா?"

அவ்வளவுதான் விஷயம். ஆறாவது தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன்னால் அந்தக் கேள்வி அந்த மண்டபத்தில் எல்லோர் காதிலும் விழ வேண்டும். விழாவிட்டால் கேட்டதும் கேட்காததும் ஒன்றுதான்.

மாமி ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்த கேள்வியை இருவரும் உட்கார்ந்து வெட்டினார்கள். ஒரு மூச்சுக்கு எத்தனை சொல் வரும் என்று பார்த்து அதற்குத் தக்கபடி வாக்கியத்தை முறித்தார்கள். உலக நாடுகள் போயிற்று, பத்திரிகைச் செய்தி போயிற்று, ஜெயராம் அண்ணாவின் பெயரும் போயிற்று. கடைசியில் மூன்று வாக்கியம் நின்றது. தாரணி வராந்தாவின் கோடியில் போய் நின்றுகொள்ள, மாமி கூடத்திலிருந்து சொல்லிப் பார்த்தார். முதல் வாக்கியம் வந்து சேர்ந்தது. இரண்டாவது வரும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவதில் மாமிக்கு இருமல் வந்துவிட்டது. மைக் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று தாரணி சொன்னாள். சொன்ன மறு நொடியே, இதையும் சரிபார்க்காமல் சொல்கிறோமோ என்று உள்ளுக்குள் உறுத்தியது.

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. வெள்ளாறு சிமெண்ட்ஸ் ஆண்டுதோறும் கூட்டத்துக்கு வரும் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் எவர்சில்வர் சம்படம் அவள் அப்பா அய்யாதுரையின் கடையிலிருந்துதான் போகும். மூடியில் கம்பெனி பெயர் பொறித்த சம்படம். கூட்டம் முடிந்ததும் டோக்கனை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதும் அவர்தான். கடையின் அந்த வருடத்துப் பெரிய ஆர்டரே அதுதான். அன்று இரவு சாப்பிடும்போது அவரிடம் மாமியைப் பற்றிச் சொன்னாள். திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருடமாகியும் அவர் பேச்சு அந்த ஊரை விட்டு வரவில்லை.

"அந்தம்மா கேக்கட்டும், அது அவுக பங்கு" என்றார் அய்யாதுரை. "நீ என்கூட கவுண்டர்ல நின்னு டோக்கன வாங்கிப் போடு. யாவாரம் நடக்குற எடத்துல நம்ம கைதான் பேசணும், வாய் பேசக் கூடாது. என்ன?"

சரி என்றாள். பேச அவளுக்கு உரிமையும் இல்லை.

வியாழக்கிழமை காலை தியாகராய நகர் சபா மண்டபம் நிறைந்திருந்தது. மார்கழியில் கச்சேரிக்கு வருவது போல ஜரிகை வேட்டிகளும் பட்டுப்புடவைகளும் வந்திருந்தன. வாசலில் கேசரியும் போண்டாவும் வைத்த பொட்டலம், காபி. பங்குதாரர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். செப்டம்பர் மாதம் முழுவதும் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். எந்தக் கம்பெனி என்ன கொடுக்கிறது என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நீரஜா மாமி வருகைச் சீட்டைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். உறுப்பினரே வந்துவிட்டதால் பதிலாளுக்கு இனி நாற்காலி இல்லை என்று கம்பெனி செக்ரட்டரி சாய்நாத் தாரணியிடம் பணிவாகச் சொன்னார். அவள் மண்டபத்தின் பின்கோடிக்குப் போய், அட்டைப் பெட்டிகள் அடுக்கிய நீள மேசைக்குப் பின்னால் அப்பாவோடு நின்றுகொண்டாள்.

சேர்மன் உரை முடிந்ததும் உறுப்பினர்கள் பேசலாம் என்றார்கள். முதலில் எழுந்தவர் ஸ்ரீரங்கன். எல்லாக் கூட்டத்திலும் முதலில் பேசுபவர் அவர்தான். சேர்மனுடைய தகப்பனாரில் தொடங்கி, இந்த வருட லாபத்தைத் தொட்டு, பேலன்ஸ் ஷீட் அட்டைப்படத்தின் அழகுக்கு வந்து சேர்ந்தார். கடைசியாக, போன வருஷத்துச் சம்படத்தில் மூடி கொஞ்சம் இறுக்கம், இந்த வருஷம் கவனித்திருப்பார்கள் என்று நம்புவதாகச் சொல்லி உட்கார்ந்தார். மண்டபம் சிரித்தது. அய்யாதுரை சிரிக்கவில்லை.

"மூடி இறுக்கமா இருந்தாத்தான் எறும்பு ஏறாது. இது தெரியாம ஒரு பங்குதாரர்" என்று மகளிடம் முணுமுணுத்தார்.

இன்னும் இரண்டு பேர் அதே தினுசில் பேசினார்கள். பிறகு நீரஜா மாமி எழுந்து நடந்தார். மைக் அவர் உயரத்துக்கு மேலே இருந்தது. மைக் செட்காரர் பொன்னுரங்கம் ஓடி வந்து அதை இறக்கிவிட்டார். மாமி தன் பெயரைச் சொன்னார். ஒலிபெருக்கியில் வந்தது காற்று உரசும் சத்தம்தான். மேலே சுற்றும் மின்விசிறிகளின் இரைச்சலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"மேடம், கொஞ்சம் சத்தமா" என்றார் சேர்மன்.

மாமி மறுபடி தொடங்கினார். ஆறாவது தீர்மானம் என்பது மட்டும் தாரணிக்குக் கேட்டது. மேடையில் சாய்நாத் சேர்மனின் காதில் ஏதோ சொல்வதையும், சேர்மன் தலையசைப்பதையும் பார்த்தாள். சாய்நாத் பக்கப்படி வழியாக இறங்கிச் சுவரோரமாகப் பின்னால் வந்தார்.

"அண்ணாச்சி, கவுண்டரைத் திறங்க."

அய்யாதுரை அவரைப் பார்த்தார். "கூட்டம் முடிஞ்ச பொறகுன்னு சொன்னீங்களே சார்."

"முடிஞ்ச மாதிரிதான். நீங்க திறங்க."

ஆர்டர் கொடுத்தவர் சொல்கிறார். அய்யாதுரை கத்தியை எடுத்து முதல் பெட்டியின் கயிற்றை அறுத்தார். ஒரு சம்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. கடைசி வரிசை திரும்பிப் பார்த்தது. நாற்காலிகள் தேய்ந்தன. யாரோ கவுண்டர் திறந்தாச்சு என்றார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். பத்து, இருபது பேராக வர, பின்பக்கம் சந்தைக்கடை ஆயிற்று. முன்னால் மைக்கருகே மாமி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவர் தன் முதல் மூச்சைச் செலவழித்துவிட்டார் என்பது தாரணிக்குத் தெரியும். இரண்டாவது மூச்சும் போய்க்கொண்டிருந்தது.

இது என் தவறால் வந்தது என்று நினைத்தாள். சரியாகப் படித்திருந்தால் வேறு ஒரு உறுப்பினரைத் தேடிப் பிடித்துக் கேட்கச் சொல்லியிருக்கலாம். இப்போது இந்த மேசைக்குப் பின்னால் நின்று, மாமியின் குரலை அடக்கும் சம்படத்தை அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் டோக்கன் அவள் முன்னால் நீண்டது. அவள் அதை வாங்கவில்லை. திறந்த பெட்டியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அவங்க இன்னும் பேசிட்டு இருக்காங்க."

அய்யாதுரை மகளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக எட்டி, தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற அந்த மெலிந்த உருவத்தைப் பார்த்தார். சாய்நாத் பக்கத்திலேயே நின்றார். அய்யாதுரை மேசைமேல் இருந்த சம்படத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பெட்டியை மூடி, அதன்மேல் தன் துண்டை விரித்து, நாற்காலியில் உட்கார்வது போலச் சாவகாசமாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"டோக்கன் வரிசை சரியில்ல. எல்லாரும் போய் உக்காருங்க. அந்தம்மா முடிக்கட்டும்."

"இன்னா அண்ணாச்சி, டப்பாவ காட்டிட்டு மூடிக்கினா எப்டி?" என்று ஒரு குரல் வந்தது.

"காட்டுனது எங்கயும் போவாது நைனா. நானும் போவ மாட்டேன். போய் உக்காருங்க."

சாய்நாத் குனிந்து ஏதோ சொன்னார். அய்யாதுரை முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் திரும்பியது. சம்படம் கிடைக்க வேண்டுமானால் இந்தம்மா சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஸ்ரீரங்கன்தான் எழுந்து, "என்ன கேக்கறான்னே காதுல விழலையே. அந்த ஃபேனை அணையுங்கோப்பா, ஒரேடியா முடிச்சுண்டு போகலாம்" என்றார். பொன்னுரங்கம் போய் மின்விசிறிகளை நிறுத்தினார். இறக்கைகள் தளர்ந்து, சுற்றி, நின்றன. செப்டம்பர் புழுக்கம் மண்டபத்துக்குள் இறங்கியது.

மாமி மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"இந்த மின்நிலையம் முப்பது வருஷம் ஓடும், முப்பது வருஷமும் கரி எரியும்."

மூச்சு வாங்கினார்.

"காத்தாலை போட கம்பெனி வாங்கின நிலம் ஆரல்வாய்மொழியில சும்மா கெடக்கறது. அதுல போட்டா எவ்வளவு கரி மிச்சம்னு கணக்குப் பார்த்தேளா?"

கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. தாரணி நின்ற இடத்துக்கு அது வார்த்தையாக வந்ததோ, அவளுக்கு மனப்பாடமாக இருந்ததால் கேட்டது போலத் தோன்றியதோ, அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சேர்மன் புன்னகையோடு, மேடத்தின் அக்கறைக்கு நன்றி சொன்னார். காற்று நம் பேச்சைக் கேட்காது, கரி கேட்கும் என்றார். சிலர் சிரித்தார்கள். சிமெண்ட் சூளைக்கு ஒரு நொடிகூட மின்சாரம் நிற்கக் கூடாது என்று விளக்கினார். அதில் நியாயம் இருந்தது. மாமி தலையை ஆட்டி அதை ஒத்துக்கொண்டார். ஆனால் மைக்கை விட்டு நகரவில்லை.

"கணக்குப் பார்த்தேளா?"

சேர்மன் பக்கத்திலிருந்த இயக்குநரைப் பார்த்தார். அவர் காகிதங்களைப் புரட்டினார். யாருக்கும் விசிறிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அந்தக் கணக்கு... பார்க்கலை, மேடம்" என்றார் சேர்மன்.

மாமி நன்றி என்று உதட்டை அசைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆறாவது தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தார். கைகள் எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது. எப்போதும் முதலில் எழும் ஸ்ரீரங்கனின் கை இந்த முறை பாதிவரை வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கியது. அவரைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது நீரஜா மாமி மட்டும் தூக்கினார்.

பிறகு அய்யாதுரை எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கவுண்டரைத் திறந்தார். கடைசி டோக்கன் வரைக்கும் கொடுத்தார். மாமி தன் டோக்கனைக் கொடுத்துச் சம்படத்தை வாங்கிக்கொண்டு, தாரணியின் காதருகே வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"பார்க்கலைன்னு சொன்னாரே, கேட்டியோ? அடுத்த வருஷம் நாமளே ஒரு தீர்மானம் கொண்டு வர முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாய் வந்தது. தாரணி அதை அடக்கிக்கொண்டாள். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் மாமி" என்றாள்.

காலிப் பெட்டிகளை வேனில் ஏற்றும்போது சாய்நாத் வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. பில்லை அனுப்புங்க, அடுத்த வருஷம் வேற மாதிரி ஏதாவது கொடுக்கலாம்னு யோசிக்கிறோம், பார்த்துக்கலாம் என்றார். சரி சார் என்றார் அய்யாதுரை. முப்பது வருடம் வியாபாரம் செய்தவருக்கு அதன் பொருள் தெரியாமல் இல்லை.

வேன் பனகல் பூங்காவைச் சுற்றும்போது நெரிசலில் நின்றது. அப்பா ஏதாவது சொல்லட்டும் என்று தாரணி காத்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"கேட்டுக்கிட்டு நிக்குற ஆளுக்குப் பதில் சொல்லாம கடயச் சாத்தக் கூடாது" என்றார் அய்யாதுரை, வெளியே பார்த்தபடி. கொஞ்சம் பொறுத்து, "அந்தம்மா என்னதான் கேட்டுச்சு? எனக்கு மூலையில சரியா வெளங்கல" என்றார்.

தாரணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். என்ன கேள்வி என்றே தெரியாமல்தான் அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னாள். வெட்டி எறிந்த வாக்கியங்களையும் சேர்த்து, கரியும் புகையும் இரவுகளின் சூடும், விற்காமல் வைத்துக்கொண்டு கேட்பது ஏன் என்பதும், எல்லாவற்றையும் முழுசாகச் சொன்னாள். பேருந்து ஹாரன்களுக்கு மேலாகச் சத்தம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு நாளாகத் தன் வாயில் அடைபட்டிருந்தது ஒரே ஒரு மனிதருக்காவது போய்ச் சேர்ந்தது.

அய்யாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆரல்வாய்மொழிக் காத்தா?" என்றார். "ஆடி மாசம் அங்ஙன சைக்கிள மிதிச்சா பின்னால போவும். அதப் போயி சும்மா போட்டு வச்சிருக்கானுவளா?"

அன்று மாலை வகுப்பு இல்லை. தாரணி கம்பெனிச் சட்டப் புத்தகத்தை எடுத்து, உறுப்பினர்கள் தாமே தீர்மானம் கொண்டுவருவது பற்றிய பகுதியைத் தேடிப் பிடித்தாள். இந்த முறை விதியோடு நிறுத்தாமல் அதன் கீழே சிறிய எழுத்தில் இருந்த நிபந்தனைகளையும் முடிவுவரை படித்தாள். நூறு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுடைய பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் குறையக் கூடாது. கூட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே மனு போய்ச் சேர வேண்டும். நூறு பேர். இன்று எதிர்த்து எழுந்தது ஒரு கை. தன்னால் ஆகுமா என்று யோசித்தாள். ஆகாது என்றுதான் பட்டது. இருந்தாலும் நாட்குறிப்பை எடுத்துத் தேதியைப் போட்டாள். தீர்மானம் நிறைவேறியதையும், கணக்குப் பார்க்கவில்லை என்று சேர்மன் சொன்னதையும், அப்பாவின் ஆர்டர் போனதையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். பிறகு கடைசி வரி:

நாளை பதினொரு மணிக்குள் கிண்டி அலுவலகம் போய், உறுப்பினர் பதிவேட்டைப் பார்வையிடக் கேட்க வேண்டும். மயிலாப்பூர் முகவரிகளை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.